எலுமிச்சை, கேரட், பதினாறு நட்டு

ஏப்ரல் 7, ஞாயிறு

தங்கச்சி சுஜா போன் செய்தாள். பாப்பாவுக்கு ஞானஸ்நானம் இருபத்தெட்டாம் தேதி, கோபர்கைரனே கோவிலில், எட்டு மணிப் பூசை முடிந்ததும். ஞானத்தாய் நான்தான். "இந்தத் தடவையாவது நேரத்துக்கு வந்துரு அக்கா" என்றாள்.

இந்தத் தடவையாவதாம். அவள் மூத்தவனுக்கு நடந்த அன்று ஹார்பர் லைனில் மெகா பிளாக், ரிப்பேருக்காக ரயில் ஓடவில்லை. மான்குர்த் ஸ்டேஷனில் நான் பட்டுச்சேலையோடு நின்றுகொண்டிருக்க, அங்கே சுஜாவின் நாத்தனார் ஷைனி பிள்ளையைக் கையில் வாங்கிவிட்டாள். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் என் முன்னால் வைத்தே 'என் ஞானமகன்' என்பாள். போன வருஷம் எண்ணினேன். ஒன்பது தடவை.

இந்தப் பிள்ளையை விடமாட்டேன். காரில் போகிறோம்.

ஏப்ரல் 9, செவ்வாய்

காருக்கு அலாய் வீல் வந்துவிட்டது. நான் கேட்டேனா? ஞானஸ்நானத்துக்குப் போகிற வண்டி பார்க்கிற மாதிரி இருக்க வேண்டுமாம். குர்லாவில் சைஃப் என்பவர் கடையில் நாலு வாங்கி மாட்டிக்கொண்டு வந்து, கீழே நின்று ஹார்ன் அடிக்கிறார் என் வீட்டுக்காரர் ஏஞ்சலோ.

சைஃப் 'நட் அலக் லேனா படேகா, சாப்' என்றாராம், நட்டு தனியாக வாங்கவேண்டுமாம். இவர் கேட்கவில்லை. "இருபத்திரண்டு வருசமா நட்டு முடுக்குறவன்கிட்ட நட்டு விக்கப் பாக்கான்" என்று பழைய பதினாறு நட்டையே போட்டுவிட்டார்.

ஏப்ரல் 14, ஞாயிறு

செம்பூரில் பூசைக்குப் போகும்போது டக் டக் என்று சத்தம். ஏ.சி.யில் வருகிறது என்றார். ஏ.சி.யை அணைத்தேன். டக் டக். சிக்னலில் பக்கத்து ரிக்‌ஷாக்காரர் தலையை நீட்டி, "பாபி, சக்கா நாச் ரஹா ஹை" என்றார். சக்கரம் ஆடுகிறதாம், அதுவும் டான்ஸ்.

இறங்கிப் பார்த்தால் முன் சக்கரத்தில் ஒரு நட்டை விரலாலேயே திருக முடிந்தது. அவர் ஸ்பானரை எடுத்து முடுக்கினார். வீடு வரைக்கும் ஒன்றும் சொல்லாமல் இருப்பது லேசான வேலையா?

ஏப்ரல் 15

அவர் பேசவில்லை. இப்படிப் பேசாமல் இருந்தால் படிவம் வரப்போகிறது என்று அர்த்தம்.

ஏப்ரல் 16, செவ்வாய்

படிவம் வந்துவிட்டது. இவர் வேலை பார்க்கும் இடத்தில் மூன்று கையெழுத்து இல்லாமல் ஒரு திருகைத் தொடக்கூடாது என்பார். அது இப்போது எங்கள் வீட்டுக்கும் வந்தாயிற்று. செய்தவர்: ஏஞ்சலோ. பார்த்தவர்: அன்னமேரி, அதாவது நான். ஒப்புதல்: எதிர்வீட்டு நாணு மாமா. நாணு மாமா எதையும் படிக்கமாட்டார், காப்பி கொடுத்தால் கையெழுத்துப் போடுவார்.

பார்த்தவருக்கு விஷயம் தெரிய வேண்டும் என்று சமையலறையிலேயே பாடம். பழைய நட்டுக்கு அடி உருண்டை. புதுச் சக்கரத்தின் துளையோ புனல் மாதிரி சரிவு. என் எண்ணெய்ப் புனலில் எலுமிச்சம்பழத்தை வைத்தார். "பாத்தியா, ஒரு கோடு மாதிரிதான் தொடுது. எவ்வளவு முடுக்கினாலும் கழலும்." பிறகு கேரட்டை வைத்தார். அடி வரைக்கும் பதிந்து உட்கார்ந்தது. ஆக, புதுச் சக்கரத்துக்குக் கூம்பு நட்டு. அதே கேரட்டைக் குழிக்கரண்டியில் நிறுத்திக் காட்டினார், நிற்கவில்லை. பழைய சக்கரத்தின் உருண்டைக் குழிக்கு உருண்டை நட்டுதான்.

மணி எட்டரை. அந்தக் கேரட் பொரியலுக்கு வைத்திருந்தது.

ஏப்ரல் 18, வியாழன்

கூம்பு நட்டு வாங்கி வந்தார். வேறு கடையில், சைஃப் முகத்தில் விழிக்கக்கூடாதாம். அடி சரி, மரை தப்பு. இரண்டு சுற்று போய் நின்றுவிட்டது. கையில் முழுக்க ஏறாத நட்டை ஸ்பானர் போட்டு ஏற்றினால் போல்ட் போச்சு என்று அவரே சொல்லி, அவரே ஸ்பானரை எடுத்தார். நான் படிவத்தைக் காட்டினேன். ஸ்பானரை வைத்துவிட்டார். எனக்கு இந்தப் படிவம் கொஞ்சம் பிடிக்க ஆரம்பித்திருக்கிறது.

ஏப்ரல் 20, சனி

இன்னொரு செட் வந்தது. மரை சரி, ஆனால் சிவப்பு. அலுமினியத்தில், நகப்பூச்சு போட்ட விரல் மாதிரி நீளமாக. தெருவுக்கே தெரியும். நான் கையெழுத்துப் போடவில்லை.

"ஏன்?"

"இது ஞானஸ்நானத்துக்குப் போற வண்டியா, சர்க்கஸ் வண்டியா? அதோட இது ஷோவுக்குத்தான், கழட்டி மாட்டினா தேயும்னு கடைக்காரனே சொன்னானா இல்லையா?"

சொன்னானாம்.

ஏப்ரல் 21, ஞாயிறு

கடைசியில் சைஃபிடமே போனார். சைஃப் சிரிக்கவில்லையாம், டீ வாங்கிக் கொடுத்தாராம். எஃகு நட்டு, அடி கூம்பு, மரை சரி. பதினாறும் கையாலேயே கடைசி வரைக்கும் ஏறின. பழைய ஸ்பானரே இதற்கும் பொருந்துகிறது. குறுக்குக்குக் குறுக்காக முடுக்கினார். மூன்று கையெழுத்து, இரண்டு காப்பி.

டிக்கியில் இருக்கும் ஸ்டெப்னி பழைய இரும்புச் சக்கரம்தானே, அதற்கு எந்த நட்டு என்று கேட்டேன். "அது எதுக்கு இப்ப?" என்றார். படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

நூறு கிலோமீட்டர் ஓட்டி மறுபடி முடுக்க வேண்டுமாம். நான் ஓட்டட்டுமா என்றேன். "மொதல்ல நட்டு செட் ஆகட்டும் ஏட்டி." லைசென்ஸ் எடுத்து மூன்று வருஷம். ஸ்டியரிங்கைத் தொட்டது ஏழு தடவை. நட்டுக்கு முன்னால் கிளட்ச், அதற்கு முன்னால் மழை. ஏதாவது ஒன்று செட் ஆகவேண்டும் இவருக்கு.

பழைய நட்டைப் பழைய இரும்பு வாங்கும் பங்கார்வாலாவிடம் போடச் சொன்னார். போடவில்லை.

ஏப்ரல் 24, புதன்

மொட்டைமாடியில் வத்தல். காற்றுக்குத் துணி பறக்காமல் ஓரம் பூராவும் பதினாறு நட்டு. ஒரு புறாகூடக் கிட்டே வரவில்லை. சுஜாவுக்கு வீடியோ அனுப்பினேன். "அக்கா, வரும்போது அந்த வெயிட்டையும் கொண்டா, இங்க துணி நிக்கவே மாட்டேங்கு" என்றாள்.

ஏப்ரல் 27, சனி

நாளை இவருக்கு அவசர டூட்டி. ஆறு மணிக்கு ஸ்டாஃப் பஸ். "நீ டாக்ஸில போயிரு" என்றார். நாளை ஹார்பரில் மெகா பிளாக். வேறு எதை எதிர்பார்த்தேன்?

வத்தல், துணி, நட்டு எல்லாம் ஒரே பையில் கட்டி வைத்தேன். ஷைனி மெசேஜ் அனுப்பியிருக்கிறாள்: 'அக்கா, லேட் ஆனா சொல்லுங்க, நான் இருக்கேன்.' இருப்பா. இருக்காமலா.

ஏப்ரல் 28, ஞாயிறு

கை இன்னும் கறுப்பாகத்தான் இருக்கிறது. பேனாவும் கறுப்பு.

காலை ஏழு மணியிலிருந்து மூன்று டாக்ஸி கேன்சல். மூன்றாவது ஆள் கேன்சல் செய்ததும் எனக்கு வந்ததே ஆத்திரம். சாவி ஆணியில் தொங்கியது. முறை என்று ஒன்று இருக்கிறதே, படிவம் எழுதினேன். செய்பவர்: அன்னமேரி. பார்த்தவர்: அன்னமேரி. ஒப்புதலுக்கு எதிர்வீட்டுக்குப் போனேன். நாணு மாமா வாயில் பிரஷ்ஷோடு கையெழுத்துப் போட்டார்.

ஓட்டினேன். நானேதான். வாஷி பாலத்தில் என் பின்னால் எத்தனை பேர் ஹார்ன் அடித்தார்கள் என்று எழுதப்போவதில்லை.

பாலம் இறங்கி கொஞ்ச தூரம், படார். பின் சக்கரம் பஞ்சர். சேலையைச் செருகிக்கொண்டு ஜாக்கி வைத்தேன். ஸ்டெப்னியை மாட்டி, கழற்றிய நட்டையே போடப் போனேன். போட்டால் ஏறும். முடுக்கினால் இறுகும். ஆனால் குழியைப் பார்த்தேன், குழிக்கரண்டி. கையில் கேரட். அப்படியே ரோட்டோரத்தில் உட்கார்ந்துவிட்டேன். மணி எட்டே முக்கால். போச்சு, இந்தப் பிள்ளையும் ஷைனிக்குத்தான். அழுதேன், அதை எழுதினால் என்ன.

பைக்கில் போன ஒருவர் நின்று, "கோயி பி நட் லகா தோ, ஆன்ட்டி" என்றார். ஏதோ ஒரு நட்டைப் போடவா? ஏதோ ஒரு நட்டைப் போட்டுத்தானே சக்கரம் டான்ஸ் ஆடியது என்று அவருக்குச் சொல்லும்போதுதான் ஞாபகம் வந்தது. வத்தல் பை!

துணியை உதறினேன். எலுமிச்சை பதினாறு. நான்கு எடுத்தேன், கையால் கடைசி வரைக்கும், பிறகு குறுக்குக்குக் குறுக்காக, ஜாக்கியை இறக்கி இன்னொரு தடவை. வத்தலில் பாதி ரோட்டில்.

ஒன்பதரைக்குக் கோவில். உள்ளே ஷைனி பிள்ளையை வைத்துக்கொண்டு நிற்கிறாள். ஆனால் ஞானஸ்நானத் தொட்டி பக்கத்தில் சாமியார் இல்லை. ஞானஸ்நான மெழுகுவர்த்தியைக் காணோமாம், கோவில் வேலை பார்க்கும் கோவில்பிள்ளையோடு சேர்ந்து அலமாரி அலமாரியாகத் தேடுகிறாராம். ஷைனி என்னைப் பார்த்ததும் ஹேண்ட்பேக்கைத் திறந்து மெழுகுவர்த்தியை எடுத்து என் கையில் வைத்தாள்.

"இருபது நிமிசமா ஒளிச்சு வச்சிருக்கேன். போன தடவை நீங்க முகத்தத் தூக்கி வச்சிட்டு நின்னது எனக்கு இன்னும் மறக்கல அக்கா. புடிங்க உங்க பிள்ளைய."

நான் இவளை இந்த நோட்டில் எத்தனை பக்கம் திட்டியிருக்கிறேன்! பிள்ளையை வாங்கினேன். வெள்ளை கவுனில் என் ஐந்து விரலும் கறுப்பாகப் பதிந்தன. எல்லா போட்டோவிலும் இருக்கிறது. சுஜா துவைக்கமாட்டாளாம்.

மத்தியானம் இவர் போன். வண்டியை யாரைக் கேட்டு எடுத்தாய் என்பார் என்று தயாராக இருந்தேன். சுஜா முதலிலேயே எல்லாம் சொல்லியிருக்கிறாள்.

"ஸ்டெப்னில எந்த நட்டு போட்ட?"

"உருண்டை."



"பங்கார்வாலாகிட்ட போடச் சொன்னேன்லா?"

"அதுக்கு நீங்க கட்டம் போடல. நான் கையெழுத்து போடல."

"சரி, சாப்பிட்டியா?" என்றார்.

ஏப்ரல் 30, செவ்வாய்

புதுப் படிவம் அடித்துக்கொண்டு வந்திருக்கிறார். 'ஸ்டெப்னிக்குப் பழைய நட்டு நான்கு, வண்டியிலேயே' என்று தனியாக ஒரு கட்டம். மீதி பன்னிரண்டு சுஜா வீட்டு மாடியில் வேலை பார்க்கின்றன.

சாயங்காலம் சாவியைத் தேடினார். ஆணியில் இல்லை. என் பையில் இருக்கிறது, படிவம் டேபிளில் இருக்கிறது என்றேன். கையெழுத்துப் போட்டுவிட்டு வாங்கிக்கொண்டு போனார்.