கூட்டைத் துளைத்த வெள்ளைப் பூச்சிகள்

அன்புள்ள பூங்காவனம் அக்காவுக்கு, கொள்ளேகாலத்திலிருந்து தம்பி பாலு வணக்கத்துடன் எழுதுவது. இங்கே ராஜா மாதிரி இருக்கிறேன். மாமாவின் முழங்கால் வலி தேவலையா?

உன் தறிமேல் உட்கார்ந்த மண்டையோட்டுப் பூச்சியைப் பார்த்து ஜெயப்ரியா அழுதாள் என்று எழுதியிருந்தாய். அது எள்ளுச் செடியில் வளர்வது. தொட்டால் கீச்சென்று கத்தும், அவ்வளவுதான். பூச்சி விஷயத்தில் அவள் தாய்மாமனை மிஞ்ச கர்நாடகத்திலேயே ஆள் இல்லை என்று சொல்.

இங்கே என்னைச் சுற்றிப் பட்டுப்பூச்சிகள்தான். நூல் எடுக்கும் அடுப்பு அணைந்துவிட்டது. வெந்நீரில் போடாத கூடுகளை எல்லாம் துளைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டன. மாவு பூசிய வெள்ளை, என்ன அழகு! பறக்கத் தெரியாது, சாப்பிட வாயும் கிடையாது. எனக்கும் இப்போது பசி அதிகமில்லை.

முதலாளி, "உன்ன உட்டா யார நம்புவேன் பாலு? ஜல்தியா வந்துர்றேன், விளக்கு போடாம உள்ளயே இருந்துகினு இரு" என்று சொல்லி, வெளிக்கேட்டைப் பூட்டிக்கொண்டு போனார். அவ்வளவு நம்பிக்கை! பொழுது சாய்ந்தால், கூடு விற்றும் அவரிடமிருந்து காசு வராத ஆட்கள் அவர் உள்ளே ஒளிந்திருப்பதாக நினைத்துக் கேட்டை உலுக்குகிறார்கள். நேற்று மண்ணெண்ணெய் வாடைகூட வந்தது. யாராவது அடுப்புக்கு வாங்கிப் போயிருப்பார்கள்.

பால்காரரிடம் பூட்டைக் காட்டினேன், வம்பு வேண்டாம் என்று கும்பிட்டுவிட்டார். கடிதத்தை மட்டும் தபாலில் சேர்ப்பாராம். மணி அடிக்கிறார், சுவருக்கு மேலே எறிய வேண்டும்.

மாமாவை உடனே அனுப்பு. எலுமிச்சை ஊறுகாயும் இரும்பு அறுக்கும் ரம்பமும் கொடுத்தனுப்பு. ஊறுகாய் மறந்தாலும் பரவாயில்லை.

உன் தம்பி
பாலு