அம்மா பார்த்து வைத்திருக்கும் வண்டி

துடியலூர்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் மதிவதனிக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நன்றாக இருக்கிறோம், என் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, அம்மாவின் வாய் மட்டும் கட்டுக்குள் இல்லை, அதுவும் நல்லதுதான், அவள் பேசாமல் இருந்தால்தான் எனக்குப் பயம். அந்த ஜெர்மனிக் குளிரில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, காலுக்கு உறை போட்டுக்கொண்டு, உடம்பைப் பார்த்துக்கொண்டு இருக்கிறாய் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நீ சிரிப்பாய். போனில் நீயும் நானும் ஒரே நேரத்தில் பேசுகிறோம் அம்மணி, கடைசியில் இரண்டு பேருமே எதையும் காதில் வாங்காமல் வைத்துவிடுகிறோம். உன் ரூமில் தங்கியிருக்கும் ஹிபா ஊருக்கு வந்தவள் செவ்வாய்க்கிழமை திரும்புகிறாளாம், அவளிடம் பருப்புப் பொடியும் முறுக்கும் கொடுக்கப்போகிறோம், அதற்கு நடுவில் இதையும் வைத்து அனுப்புகிறேன். கண் சரியில்லாததால் எழுத்து பெரிது பெரிதாக வருகிறது, பக்கம் கூடினாலும் பொறுமையாகப் படி.

விஷயம் உனக்குத் தெரிந்ததுதான். அன்றைக்கு அம்மாவிடம், நீ வேன் ஓட்டறேன்னு ரோட்டுல எறங்குனா இங்க எனக்கு ராத்திரி தூக்கமே வராதும்மா என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தவள், அதற்குப் பிறகு எனக்கு மட்டும்தான் போன் செய்கிறாய். அம்மா அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை குறைசொல்லவில்லை. ஆனால் என் போன் அடித்தால் மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து என் முகத்தையே பார்க்கிறாள், மதிதான் என்று நான் சைகை காட்டினால், சாப்புட்டாளான்னு கேளுங்க என்று சொல்லிவிட்டு மறுபடி கிரைண்டரிடம் போய்விடுகிறாள். பார்க்க எனக்குத் தாங்கவில்லை கண்ணு. உன் மேலும் தப்பில்லை. அடிபட்டு வருகிறவர்களையே தினமும் பார்க்கிற வேலை உனக்கு, பெற்றவளை நினைத்தால் பதறத்தான் செய்யும். அம்மா டிரைவிங் லைசென்ஸ் வாங்கியபோது ஆஸ்பத்திரி முழுக்க சாக்லேட் கொடுத்தவள் நீ, கார் ஓட்டிப் பழகுகிறாள் என்று நினைத்தாய், சரக்கு வேன் என்றதும் பயந்துவிட்டாய். நானும் முதலில் பயந்தவன்தான், அதை உன்னிடம் மறைக்கவில்லை.

கண்ணாஸ்பத்திரியில் இனி வண்டி ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து நான் எப்படி இருந்தேன் என்று உனக்கு முழுசாகத் தெரியாது, சொல்ல வேண்டாம் என்று அம்மாவைத் தடுத்திருந்தேன். காலையில் எழுந்து பழக்கத்தில் சட்டைப் பையில் சாவியைத் தேடுவேன். அம்மா அதிகாலையில் எழுந்து மாவு ஆட்டி, பாக்கெட் போட்டு, தன் மொபெட்டில் கடை கடையாகப் போட்டுவிட்டு வருவாள், நான் நாற்காலியில் உட்கார்ந்து ரோட்டில் போகிற வண்டிகளின் சத்தத்தை வைத்து எது கியர் மாற்றத் திணறுகிறது என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருப்பேன். அப்போதுதான் எங்கள் முதலாளி நரசிம்மலு வீடு தேடி வந்தார். கணபதியில் அவர் பட்டறையில் செய்கிற மில் ஸ்பேர் பார்ட்ஸை இத்தனை காலமும் நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன் என்பது உனக்குத் தெரியும். மில்லில் ஒரு பாகம் உடைந்தால் மிஷின் நின்றுபோகும், பார்சல் ஆபீசில் போட்டு நாளைக்கு வரட்டும் என்று இருக்க முடியாது, ஒரே ஒரு பெட்டி என்றாலும் ஒரு வண்டி உடனே கிளம்பியாக வேண்டும், உங்கள் ஆஸ்பத்திரி அவசரக் கேஸ் மாதிரிதான். சொந்தமா ஒரு வேன் போட்டுக்குங்க மயில்சாமி, அர்ஜென்ட் லோடெல்லாம் உங்களுக்கே தர்றேன், டிரைவர் ஒருத்தர வெச்சுக்கலாமுங்க என்றார். காபி கொண்டுவந்து வைத்த உன் அம்மா, டிரைவர் எதுக்குங்க, நான் ஓட்டறேன், இவுரு வழி சொல்லட்டும், பகல் லோடு மட்டும் குடுங்க என்றாள். நரசிம்மலு என்னைப் பார்த்தார், நான் காபியைப் பார்த்தேன்.

அப்புறம் வண்டி பார்க்கப் போனோம். பணத்தைப் பற்றி நீ யோசிக்காதே, அதற்காக இதை எழுதவில்லை, அதை நாங்கள் பார்த்துக்கொண்டோம். எனக்கு ஆசையெல்லாம் ஒரு பெரிய பிக்கப் மேல்தான் இருந்தது, வெள்ளை நிறம், முகப்பே மிரட்டும், எந்த லோடு கேட்டாலும் மாட்டேன் என்று சொல்லாது. ஷோரூம் பையனும் என்னிடமே எல்லாவற்றையும் விளக்கிக்கொண்டிருந்தான், ஓட்டப்போகிறவள் பக்கத்தில் பையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள் என்று அவனுக்கு எப்படித் தெரியும். நானும் சொல்லாமல் இருந்துவிட்டேன், கொஞ்சம் கூச்சம்தான். அம்மா பையை என் கையில் கொடுத்துவிட்டு ஏறி உட்கார்ந்தாள், கிளட்ச்சை முழுசாக அழுத்தக் கால் எட்டவில்லை. பையன் ஓடிப்போய் முதுகுக்கு ஒரு தலையணை கொண்டுவந்தான். தலகாணி சாஞ்சு உக்கார நான் என்ன கல்யாணப் பொண்ணுங்களா என்று கேட்டுக்கொண்டே இறங்கிவிட்டாள். எனக்கு மனசு கேட்கவில்லை, பெரிய வண்டி என்றால் பெரிய லோடு வருமே என்று இழுத்தேன். வரட்டுமுங்க, ஏத்தறது ஆரு, எறக்கறது ஆரு என்றாள். அடுத்து குட்டியானை என்கிறார்களே, அந்தச் சின்ன லோடு வண்டி ஒன்று பார்த்தோம், அதில் கால் நன்றாகவே எட்டியது, ஆனால் பின்பக்கம் திறந்த வண்டி, மழை வந்தால் தார்ப்பாய் போட்டு மேலே ஏறிக் கயிறு கட்ட வேண்டும், புடவையோடு அவள் ஏறுவதா, கண் சரியாகத் தெரியாத நான் ஏறுவதா. அதுவும் வேண்டாம் என்றாகிவிட்டது.

மூன்றாவதாகப் பார்த்தது நாலு பக்கமும் மூடிய சின்ன சரக்கு வேன். முன்னால் இரண்டு சீட், பின்னால் முழுக்கச் சாமானுக்கு இடம், பக்கவாட்டில் தள்ளித் திறக்கிற கதவு, தளம் தாழ்வாக இருப்பதால் பெட்டியைத் தூக்க வேண்டாம், தள்ளினாலே போதும். எனக்கு அது பார்வைக்குப் பால் வண்டி மாதிரி இருந்தது, முகத்தைச் சுளித்தேன். அம்மா அடுத்து செய்ததை நீ நேரில் பார்த்திருக்க வேண்டும். முந்தின நாளே பட்டறைக்குப் போய், மில்லுக்குப் போகிற இரும்பு ஷாஃப்ட் தண்டுகளிலேயே நீளமானது எது என்று கேட்டு, சுவரில் சாய்த்து வைத்திருந்த அதன் பக்கத்தில் நின்று அளந்திருக்கிறாள், அவள் கொண்டை வரைக்கும் வந்ததாம். ஷோரூமில் எல்லோரும் பார்க்கப் பார்க்கச் செருப்பைக் கழற்றிவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, அந்த வேனுக்குள் ஏறி நீளமாகப் படுத்துவிட்டாள். பையனுக்கு ஒன்றும் புரியவில்லை, மயக்கமா என்று தண்ணீர் எடுக்க ஓடினான். உள்ளேயிருந்து அம்மா, எடம் பத்துதுங்க, ஷாஃப்ட்டும் படுத்துக்கும் என்று குரல் கொடுத்தாள். நான் சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. டாக்டர் வண்டி ஓட்ட வேண்டாம் என்று சொன்ன பிறகு நான் அப்படிச் சிரித்தது அன்றைக்குத்தான். அதற்கப்புறம் அந்தப் பையன் எல்லாவற்றையும் அவளிடமே சொன்னான், அவளும் கண்ணாடியில் பின்னால் எது வரைக்கும் தெரிகிறது, ஸ்டெப்னி எங்கே இருக்கிறது, சர்வீஸ் துடியலூர் பக்கத்தில் உண்டா என்று ஒன்று விடாமல் கேட்டாள்.

ஆனாலும் வாங்குவதற்கு முன்னால் ஒரு லோடு ஓட்டிப் பார்த்துவிடலாம் என்று நரசிம்மலு சொன்னார். அவருக்குத் தெரிந்த ஜாவித்திடம் அதே மாதிரி வேன் இருக்கிறது, ஒரு நாளைக்குக் கொடுத்தார். போன வியாழக்கிழமை தாராபுரம் பக்கம் ஒரு மில்லில் மிஷின் நின்றுவிட்டது, ஒரு பெட்டி பேரிங்கும் அந்த நீள ஷாஃப்ட்டும் உடனே வேண்டும் என்று போன் வந்தது. அம்மா மாவு வேலையை முடித்து, தயிர் சோறு கட்டிக்கொண்டு, எனக்கு பெல்ட் மாட்டிவிட்டு, தானும் மாட்டிக்கொண்டு கிளம்பினாள். இங்கே ஒன்று ஞாபகப்படுத்துகிறேன். அடுத்தவர் ஓட்டுகிற வண்டியில் உன் அப்பா கண்ணை மூடியதில்லை. பஸ்ஸானாலும் டாக்ஸியானாலும் அப்படித்தான், டிரைவர்கள் நிறையப் பேருக்கு இந்தப் பாடு உண்டு. உன்னை வழியனுப்பக் கொச்சி ஏர்போர்ட்டுக்கு வந்தபோது மதுக்கரை தாண்டியதுமே நீயும் அம்மாவும் தூங்கிவிட்டீர்கள், நான் மட்டும் அந்த டாக்ஸிக்காரரோடு சேர்ந்து வழியெல்லாம் பிரேக் மிதித்துக்கொண்டே வந்தேன். நடுவில் விழித்த நீ, அப்பா, பிரேக்க விடுங்க, கால் வலிக்கப்போகுது என்று கேலி செய்தாயே, அதே கதைதான் அன்றைக்கும். சூலூர் வரைக்கும் என் வலது கால் சும்மா இருக்கவில்லை. பஸ் ஒன்று ஒட்டி வந்தால் மூச்சைப் பிடித்துக்கொள்வேன். ஏனுங்க, ஜாவித் பாய் வண்டிங்க, மிதிச்சு அடியில ஓட்டை போட்டறாதீங்க என்றாள் அம்மா, ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே. அவள் வேகமாகவும் ஓட்டவில்லை, தயங்கவும் இல்லை, முந்துகிறவனை முந்தவிட்டாள், பல்லடம் நெரிசலில் ஹாரன் அடித்தவனுக்காக அவசரப்படவும் இல்லை. மாவு வண்டியில் இத்தனை வருஷம் போன நிதானம் அது. பல்லடம் தாண்டி நிழலில் நிறுத்திச் சாப்பிட்டோம். சாப்பாட்டுக்குப் பிறகுதான் டிரைவருக்கு ஆபத்தான நேரம், தூக்கம் அமுக்கும், அதனால் இவளோடு பேசிக்கொண்டே வர வேண்டும், குண்டடம் தாண்டி மில்லுக்குத் திரும்புகிற வழியையும் சரியாகச் சொல்ல வேண்டும் என்று மனசுக்குள் திட்டம் போட்டுக்கொண்டேன். காற்றாலைகள் வரிசையாகச் சுற்றிக்கொண்டிருந்தன, வெயிலில் கண் கூசியது, ஒரு நொடி மூடினேன்.

விழித்துப் பார்த்தால் வண்டி நிற்கிறது. என் பக்கத்துக் கண்ணாடியில் வெயில் படாமல் அம்மாவின் துண்டு தொங்குகிறது. பின்னால் திரும்பிப் பார்த்தேன், பெட்டி இல்லை, ஷாஃப்ட் இல்லை. கொஞ்ச தூரத்தில் மில் கேட்டில் செக்யூரிட்டியோடு நின்று அம்மா டீ குடித்துக்கொண்டிருந்தாள். இளநீர்க் கடையில் வழி கேட்டு, தானே வந்து சேர்ந்து, ஆட்களை வைத்து இறக்கி, கையெழுத்தும் வாங்கிவிட்டாள், வழி சொல்ல வந்த பெரிய மனுஷன் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருக்கிறான். முதலில் எனக்குச் சுருக்கென்றது, இனி நான் எதற்கு என்று ஒரு நினைப்பு வந்தது. அடுத்த நொடியே வேறொன்று உறைத்தது. நான் தூங்கியிருக்கிறேன். ஓடுகிற வண்டியில், வேறொருவர் கையில் ஸ்டியரிங் இருக்க, நான் தூங்கியிருக்கிறேன். அழுதுவிட்டேன் மதி. அம்மா டீயோடு வந்து பார்த்தாள், வெயிலுக்குக் கண்ணில் தண்ணி வருது என்றேன், சரிங்க என்றாள், நம்பவில்லை. டீயைக் கையில் கொடுத்து, போறப்ப நீங்க தூங்கியாச்சு, வாரப்ப பேசிட்டே வாங்க, இல்லாட்டி எனக்குத் தூக்கம் வருமுங்க என்றாள். தாராபுரத்திலிருந்து துடியலூர் வரைக்கும் பேசிக்கொண்டே வந்தேன். பாதி உன்னைப் பற்றித்தான். இருட்டுவதற்குள் வீடு வந்து சேர்ந்தோம்.

இப்போது அந்த மூடிய வேனை எங்களுக்காக வரும் வெள்ளிக்கிழமை வரை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். எனக்கும் முழுச் சம்மதம், பால் வண்டி என்று இனி வாயால் சொல்ல மாட்டேன். ஆனால் அம்மா கையெழுத்துப் போடவில்லை. மதி வேண்டாமுன்னா வேண்டாமுங்க, அவள அழ வெச்சுப்போட்டு எனக்கு என்ன வண்டி என்கிறாள். அவள் சொன்னால் சொன்னதுதான், உனக்குத் தெரியும். அதனால் முடிவு இப்போது உன் கையில் இருக்கிறது. இந்தக் கடிதம் கைக்கு வந்ததும் எனக்கு அல்ல, அம்மாவுக்குப் போன் பண்ணு. பயமா இல்லையா என்று கேட்காதே, என்ன வண்டி பார்த்து வைத்திருக்கிறாய் என்று மட்டும் கேள், மற்றதை அவளே சொல்லுவாள், நிறுத்தவே மாட்டாள். ஷோரூமில் படுத்ததை நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாதே.

பருப்புப் பொடியில் நெய் ஊற்றிச் சாப்பிடு, முறுக்கை எல்லோருக்கும் கொடுத்துவிட்டுக் கடைசியில் நீ ஒன்றுமில்லாமல் இருக்காதே. நைட் டியூட்டி முடிந்து வந்தால் போனை நோண்டாமல் படு. நம் மாரியாத்தா எப்போதும் உன் பக்கத்தில் இருந்து காப்பாள், எங்கள் ஆயுளையும் சேர்த்து நீ நன்றாக இரு கண்ணு. எங்களை நினைத்துத் தூக்கம் வராது என்று சொன்னாய் அல்லவா, அதற்கு என்னிடம் இருக்கிற பதில் ஒன்றுதான். அம்மா ஓட்டிய வண்டியில் நானே தூங்கிவிட்டேன் அம்மணி. நீயும் தூங்கு.

இடது பக்க சீட்டிலிருந்து,
உன் அப்பா
மயில்சாமி