கொஞ்சம் தடிமனான சுவர்

ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி

என் அன்பு மகளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அம்மாவும் சௌக்கியம். பூனை எங்களைவிடச் சௌக்கியம். கட்டடக்கலைப் படிப்பில் சேர்ந்த முதல் வருஷம் நீ அட்டையில் செய்துகொண்டு வந்த பேருந்து நிறுத்தத்தின் கூரை மேல்தான் இன்னமும் படுத்துத் தூங்குகிறது. கூரை கொஞ்சம் உள்வாங்கிவிட்டது. தூண் ஒன்றும் அசையவில்லை.

போன் இருக்க எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் "சாப்பிட்டியா" என்றால் நீ "ம்" என்கிறாய். "படிப்பு எப்படிப் போகுது" என்றால் அதற்கும் "ம்". ஆளுக்கு நாலு "ம்" போட்டுவிட்டு வைத்துவிடுகிறோம். கடிதத்தில் நீ குறுக்கே "ம்" போட முடியாது. கடைசி வரை படித்துத்தான் ஆக வேண்டும்.

முதலில் நல்ல சேதி. நீ படித்த பள்ளிக்கூடத்துச் சுவர் கட்டி முடிந்து, போன மாதம் திறந்தும் ஆகிவிட்டது. வகுப்பு இருக்கிறது, வர முடியாது என்று பெரிய டீச்சருக்கு நீ எழுதியிருந்தாயாம். அவர் அதை என்னிடம் காட்டினார். அதற்கு முன்னால், உன் வரைபடத்தை வைத்துக் கட்டலாமா என்று அவர் கேட்டபோது, "என்ன வேணும்னாலும் செஞ்சுக்குங்க டீச்சர்" என்று ஒரே வரியில் பதில் போட்டாய் என்றும் சொன்னார். கட்டவே மாட்டார்கள் என்று நினைத்திருப்பாய். நானும் அப்படித்தான் நினைத்தேன். அதனால் நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன்.

போன வருஷ விடுமுறையில் நீ வந்திருந்தபோது பள்ளிக்கூடத்தின் தெருப் பக்கத்துச் சுவர் மழையில் ஊறிச் சரிந்து கிடந்தது அல்லவா? உன் அம்மாவின் தையல் டேப்பை எடுத்துக்கொண்டு போய் நாலு நாள் அதை அளந்தாய். அவள் ஒரு ரவிக்கைகூட வெட்ட முடியாமல் உட்கார்ந்திருந்தாள். அப்புறம் ஒரு படத்தை விரித்துக் காட்டினாய். வகுப்பறைகள் நன்றாகத்தான் இருக்கின்றன, அவற்றை இடிக்க வேண்டாம். விழுந்த சுவரை மட்டும் பத்தடி அகலத்துக்கு ஒரு நீள அறையாகக் கட்டலாம். பள்ளிக்கூடப் பக்கம் ஒரு கதவு, தெருப் பக்கம் ஒரு கதவு. பகலில் பிள்ளைகளுக்குப் படிக்கும் அறை, சாயங்காலம் தெருவுக்குப் பொது அறை என்றாய். நான் என்ன சொன்னேன்? "சுவருக்குள்ள ரூமா? எலி குடியிருக்கவா?" என்று சிரித்தேன். நீயும் சிரித்தாய். ஆனால் படத்தைச் சுருட்டி வைத்துவிட்டாய். அந்தச் சிரிப்பை நான் இப்போது திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

நீ ஊருக்குப் போகும்போது கொடுத்துவிட்டுப் போன நகலை வைத்துக்கொண்டு பெரிய டீச்சர் நகராட்சி இன்ஜினியரிடம் போயிருக்கிறார். சுவர் கட்டத்தான் தனக்கு உத்தரவு, அறை கட்ட இல்லை என்று அவர் கையை விரித்துவிட்டார். டீச்சர் கொஞ்சமும் அசராமல், "இதுவும் சுவர்தான் சார், கொஞ்சம் தடிமனா இருக்கு, அவ்வளவுதான்" என்றாராம். இன்ஜினியருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தவர் படத்தை வாங்கிப் பார்த்தார். பார்த்தவர் ஒரு வாரம் தன்னிடமே வைத்துக்கொண்டார். அஸ்திவாரத்தை மட்டும் கொஞ்சம் ஆழமாக்கி, மற்றதை அப்படியே விட்டுக் கையெழுத்துப் போட்டார்.

அதோடு முடியவில்லை. பெற்றோர் கூட்டத்தில் சிலர், தெருப் பக்கம் கதவு வைத்தால் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு இல்லை, கண்டவனும் நுழைவான் என்று கிளப்பினார்கள். நியாயமான பயம்தான். இன்ஜினியரும், அந்தக் கதவை அடைத்துவிட்டால் போச்சு என்றார். அப்போது யார் எழுந்தது தெரியுமா? உன் அம்மா. நாலு பேர் முன்னால் பேர் சொல்லவே தயங்குகிறவள், கையில் உன் படத்தின் நகலோடு எழுந்து, ஒரு நேரத்தில் ஒரு கதவுதான் திறக்கும், சாவி டீச்சரிடம்தான் இருக்கும் என்று நீ ஓரத்தில் எழுதியிருந்ததை ஒரு எழுத்து விடாமல் படித்தாள். படித்துவிட்டு, "இத்தனை வருஷமா வாசல் இல்லாத சுவருக்கு அந்தப் பக்கம் நின்னவங்க நாங்க சார். எங்களுக்கும் ஒரு கதவு வைங்க" என்றாள். பின்னால் உட்கார்ந்திருந்த பெண்கள் கை தட்டினார்கள். அவள் உட்கார்ந்ததும் பார்த்தேன், புடவைத் தலைப்பைச் சுருட்டிச் சுருட்டி ஒரு கயிறாகவே ஆக்கிவிட்டிருந்தாள். கதவு நின்றது.

வயரிங் வேலை எனக்கு வந்தது. யாரும் சிபாரிசு செய்யவில்லை, நானாகப் போய்க் கேட்டேன். முப்பது வருஷமாகக் கட்டடப் படங்களைத் திட்டியே வயிறு வளர்த்தவன் நான் என்பது உனக்குத் தெரியும். கதவைத் திறந்தால் அதற்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும் சுவிட்ச், கட்டில் போட்டால் எட்டாத பிளக், உத்தரத்தின் நடுவில் மாட்டச் சொல்லும் ஃபேன் என்று எத்தனை பார்த்திருக்கிறேன்! உன் படத்தையும் அதே கண்ணோடுதான் விரித்தேன். தப்புக் கண்டுபிடிக்கத் தேடினேன் என்றே வைத்துக்கொள்.

ஒன்று கிடைத்தது. விளக்குகளுக்கான சுவிட்சை எல்லாம் பள்ளிக்கூடப் பக்கத்துக் கதவருகே வைத்துவிட்டாய். சாயங்காலம் தெருப் பக்கமாக வருகிறவர் இருட்டில் அறை முழுக்கத் தடவிக்கொண்டு போய் விளக்கைப் போட வேண்டும். மாடிப்படிக்குப் போடுகிற மாதிரி, இரண்டு கதவருகேயும் போடவும் அணைக்கவும் டூவே சுவிட்ச் வைத்துவிட்டேன். உன்னைக் கேட்காமல் செய்த மாற்றம் அது ஒன்றுதான். இனிமேல் இரண்டு வாசல் வரைந்தால் இரண்டு சுவிட்ச் வரை. மற்றபடி, முப்பது வருஷத்தில் நான் தொட்ட படங்களிலேயே குறைவாகத் திட்டு வாங்கியது உன்னுடையதுதான். இதை வெளியே சொல்லாதே, எனக்குத் தொழிலில் ஒரு பேர் இருக்கிறது.

சன்னல் விஷயத்தில் நானே அசடு வழிந்தேன். ஒவ்வொரு சன்னல் பக்கத்திலும் ஒரு குழந்தையின் உருவம் வரைந்திருந்தாய். அழகுக்கு வரைந்திருக்கிறாள் பிள்ளை என்று நினைத்தேன். கொத்தனார் எல்லா இடத்திலும் கட்டுகிற உயரத்துக்குச் செங்கல் அடுக்கிக்கொண்டு வந்தவர், திடீரென்று கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். "அண்ணே, இது அலங்காரம் இல்ல, அளவு. ஒண்ணாப்புப் பிள்ளை உக்காந்தா அதோட கண்ணு எங்க வரும்னு போட்டிருக்கு பாருங்க" என்றார். இரண்டு வரிசைச் செங்கலை அவரே பிரித்து எடுத்தார். யாரும் சொல்லாமல் ஒரு கொத்தனார் தான் கட்டியதைத் தானே பிரித்து நான் பார்த்ததே இல்லை. இப்போது தரையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்குத் தெரு தெரிகிறது. தெருவில் போகிறவர்களுக்கும் வரிசையாகக் கண்கள் தெரிகின்றன.

இனி, நான் சொல்லத் தயங்கிக்கொண்டிருந்த விஷயத்துக்கு வருகிறேன்.

உன் கல்லூரியிலிருந்து வந்த கடிதத்தைக் கையெழுத்துப் போட்டு வாங்கியவன் நான்தான். அஸ்திவாரம் தோண்டிக்கொண்டிருந்த சமயம். வருஷக் கடைசிப் படத்தில் நீ தேறவில்லை என்று போட்டிருந்தது. இரண்டு தடவை படித்தேன். உன் அம்மா தாங்க மாட்டாள் என்று என் டூல்ஸ் பையின் அடியில் செருகி வைத்தேன். பத்து நாள் கழித்து எடுத்துப் பார்த்தால் மடிப்பு மாறியிருந்தது. ஓரத்தோடு ஓரம் சேர்ந்த தையல்காரி மடிப்பு. தையல் மிஷின் வயரைச் சுற்ற இன்சுலேஷன் டேப் தேடியவள் கண்ணில் பட்டிருக்கிறது. தான் பார்த்தது எனக்குத் தெரியக் கூடாதென்று அவளும் ஒன்றும் கேட்கவில்லை. அவளுக்கோ நீ முன்பே போனில் சொல்லியிருக்கிறாய். இப்படியாக ஒரே வீட்டில் இரண்டு பேரும் ஒருவருக்கு ஒருவர் மறைத்துக்கொண்டு மூன்று மாதம் நல்ல முகமாக நடித்தோம். திறப்பு விழா அன்று, நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோதுதான் இரண்டு பேருக்கும் உடைந்தது. அவள் அழுதாள். நான் நாற்காலிகளை இன்னொரு தடவை எண்ணினேன்.

ஆசிரியர்கள் வரிசையாக உட்கார்ந்து படத்தைச் சுவரில் மாட்டச் சொல்லிக் கேள்வி கேட்பார்களாமே, ஜூரி என்று சொல்வாயே, அன்றைக்கு ஒருவர் உன்னிடம், "நான் பள்ளிக்கூடம் கேட்டேன், நீ ஒரு சுவர் வரைஞ்சிருக்க" என்று சொன்னாராம். எல்லாரும் சிரித்தார்களாம். அம்மா சொன்னாள். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அதே சிரிப்பை அவருக்கு முன்னால் வீட்டிலேயே நான் சிரித்தவன். அன்றைக்கு நான் படத்தை வாங்கி ஒழுங்காகப் பார்த்து, நாலு கேள்வி கேட்டிருந்தால், அங்கே பதில் சொல்ல உனக்குக் கொஞ்சம் பழகியிருக்கும்.

போன வாரம் வியாழக்கிழமை நடந்ததையும் கேள். ஃபேன் ஒன்று சத்தம் போடுகிறது என்று போய் ஏணி மேல் நின்றுகொண்டிருந்தேன். பள்ளி விடுகிற நேரத்துக்குச் சரியாக மழை பிடித்துக்கொண்டது. சாதாரண மழை இல்லை, எதிர் வீடு தெரியாத மழை. தெருவில் காத்திருந்த தாய்மார்கள் எல்லாரும் தெருப் பக்கத்துக் கதவு வழியாக உள்ளே வந்துவிட்டார்கள். பெரிய டீச்சர் அன்று ஒரு நாள் மட்டும் இரண்டு கதவையும் திறக்கச் சொன்னார். உள்பக்கக் கதவில் தானே நின்றுகொண்டு, ஒவ்வொரு பிள்ளையாகப் பேர் கூப்பிட்டு அவரவர் அம்மா கையில் கொடுத்தார். அத்தனை பிள்ளைகளில் ஒன்றுகூட நனையவில்லை. மழை விடுகிற வரைக்கும் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து தலை வாரிவிட்டார்கள், வீட்டுப்பாடம் எழுத வைத்தார்கள், ஒருத்தி குழந்தையைத் தூங்கவே வைத்துவிட்டாள்.

என் ஏணிக்குக் கீழே நின்ற ஒரு அம்மா பக்கத்திலிருந்தவளிடம், "இதைக் கட்டினவன் ஒரு நாளாவது மழையில நின்னிருப்பான்டி" என்றாள். கட்டினவன் இல்லை, கட்டினவள், என் மகள் என்று சொல்ல வாயைத் திறந்தேன். கையிலிருந்த ஸ்க்ரூ கீழே விழுந்தது. அந்த அம்மாவே அதை எடுத்துக் கொடுத்து, "பாத்து நில்லுங்கண்ணே" என்றாள்.

வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் மிஷினை நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "ரெண்டாவது படிக்கிறப்போ அவ அந்தச் சுவத்தோரம்தான் நிப்பா. தையக் கடையிலேர்ந்து என்னை அனுப்ப லேட்டாகும். பையைத் தலையில கவுத்துக்கிட்டு நிப்பா. போய்ப் பாத்தா புத்தகம் நனையாம இருக்கும், புள்ளை நனைஞ்சிருக்கும்." எனக்கு இது தெரியாதே என்றேன். நான் அப்போது வெளியூரில் ஒரு பெரிய கட்டடத்துக்கு வயர் இழுத்துக்கொண்டிருந்தேன். பதினோரு மாடி. ஒவ்வொரு மாடியிலும் எத்தனை பாயிண்ட் என்று இன்றைக்குக் கேட்டாலும் சொல்வேன். என் பிள்ளை மழையில் நின்ற கணக்கு என்னிடம் இல்லை. நீ ஒரு நாளும் சொன்னதில்லை. படமாக வரைந்திருக்கிறாய், எனக்குத்தான் படிக்கத் தெரியவில்லை.

படிப்பை விட்டுவிட்டு, படங்களுக்கு நகல் எடுத்துக் கொடுக்கும் ஆபீஸ் ஒன்றில் சேரப் போவதாக அம்மாவிடம் சொன்னாயாம். எந்த வேலையையும் மட்டம் என்று நான் சொல்லக் கூடாது. ஆனால் நகல் எடுக்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள். ஒண்ணாப்புப் பிள்ளையின் கண்ணை அளந்து சன்னல் வைக்க எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று யோசி. அடுத்த மாதக் கடைசியில் மறுபடியும் ஜூரி உண்டு என்று கல்லூரிக் கடிதத்தின் அடியில் சின்ன எழுத்தில் போட்டிருக்கிறது. சின்ன எழுத்தையும் படித்துவிட்டேன். அதே படத்தை எடுத்துக்கொண்டு போ. கட்டி நிற்கிறது, மழை தாங்குகிறது என்று சொல்லு. சுவிட்ச் தப்பையும் நீயாகவே சொல்லிவிடு. மறைக்காதே, நம் வீட்டில் மறைத்துப் பார்த்து யாருக்கும் நல்லது நடக்கவில்லை.

இன்னொன்று. அந்த ஜூரிக்குப் பெற்றவர்கள் வந்து நிற்கலாமா என்று கேட்டுச் சொல். நான் வாயே திறக்க மாட்டேன். பின்னால் எங்காவது சுவரோரமாக நின்றுகொள்கிறேன். யாராவது கேட்டால் எலக்ட்ரீஷியன் என்று சொல்லிவிடு, பொய் இல்லை. ஒரு நாள் கூலி போனால் போகிறது. நீ சரி என்று சொல்வதற்கு முன்னாலேயே உன் அம்மா எனக்குப் புதுச் சட்டைக்கு அளவெடுத்துவிட்டாள், காலர் வைத்துத் தைக்கிறாள்.

உடம்பைப் பார்த்துக்கொள். வேளைக்குச் சாப்பிடு. உன் கையும் கண்ணும் எப்போதும் நன்றாக இருக்க வேண்டும். வேறு ஒன்றும் எழுத வேண்டாம் கண்ணு, "வாங்கப்பா" என்று ஒரு வார்த்தை எழுதிப் போடு, போதும்.

உன் பதிலுக்காகத் தபால்காரரை வழிமறித்துக்கொண்டிருக்கும்,
உன் அப்பா