பசியாறிட்டேன்

14 நவம்பர் 1998, சனி. சன்னிவேல்.

பேக்பேக் இன்னும் மூலையில் கிடக்கிறது. தூக்கினால் கார்ப்பெட்டில் தீவு மணல் கொட்டுகிறது. பாங்காக்கிலிருந்து பினாங்கு வரை பஸ்ஸிலும் படகிலும் தனியாகச் சுற்றினேன். அம்மாவிடம் சொன்னதென்னவோ, சிங்கப்பூரில் ஆபீஸ் டிரெயினிங்.

காலையில் கோயமுத்தூருக்கு போன் போட்டேன். "சாப்புட்டியா கண்ணு?" என்றாள் அம்மா.

"பசியாறிட்டேன்மா." வாய் முந்திக்கொண்டது. பினாங்கில் இட்லிக் கடை அக்கா தினமும் "பசியாறிட்டியா?" என்று கேட்டுக் கேட்டு ஒட்டிக்கொண்ட வார்த்தை.

"நம்ம ஈப்போ சித்தி பேசற மாதிரியே இருக்குது. மலேசியா போனயா?"

மழுப்ப வரவில்லை. "ஆமாம்மா. தீவுக்கெல்லாம் போனேன்."

"ஆருகூட?"

"தனியாத்தான்."

திட்டு விழும் என்று ரிசீவரைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்தேன்.

"கடல்ல குளிச்சயா?"

"தினமும்."

"உப்புத்தண்ணியாச்சே. தலைக்கு எண்ணெ வெச்சயா?"

இல்லை என்றேன். திட்டெல்லாம் அதற்குத்தான் விழுந்தது.

அப்பாவிடம் எப்படிச் சொல்லப்போகிறாளோ. சொல்வாளோ, மாட்டாளோ.

குளிரில் உறைந்திருந்த தேங்காய் எண்ணெயை மைக்ரோவேவில் உருக்கி, தலை நிறையத் தேய்த்துவிட்டேன். தலையணைமேல் துண்டும் விரித்தாயிற்று. கை கழுவாமல் எழுத உட்கார்ந்தது தப்பு. பேனா வழுக்குகிறது.