வாயசைத்த ராஜா

14.6.1998, தலவாக்கலை

எழுத வேண்டியவை:
1. கரண்ட் போனது.
2. ஆர்மோனியம் பெரியசாமி என்னை அவமானப்படுத்தியது.
3. என் மீதே எனக்கு வந்த அருவருப்பு.

நாற்பது வருடம் இசைநாடகம் போட்டவன், இன்று தேயிலைத் தோட்டத்து மேடையில் ராஜா வேடத்தில், கெசட்டில் பதிந்திருந்த என் பழைய குரலுக்கு வாயசைத்தேன். பாதிப் பாட்டில் கரண்ட் போய்க் குரல் நின்றது. என் வாய் நிற்கவில்லை. பகல் வெளிச்சத்தில் எல்லோரும் பார்த்தார்கள்.

"ராசாவுக்குத் தொண்டையும் கரண்டுலதான் ஓடுதா?" என்று ஒருத்தி கத்தினாள். ஒரே சிரிப்பு.

பெரியசாமி சுருதியைப் பிடித்துக்கொண்டு, "பாடுங்க மாஸ்டர், நான் இருக்கேன்ல" என்றார், சபைக்கே கேட்கும்படி. நான் பாடவில்லை. கிரீடத்தோடு இறங்கி வந்துவிட்டேன். முகத்தைக் கழுவியும் அருவருப்பு போகவில்லை.

மேலே பட்டியலில் இரண்டாவதாக எழுதியது தவறு. அவர் பிடித்தது கெசட்டின் சுருதி அல்ல. என் இன்றைய குரலுக்கு எட்டும்படி, இரண்டு கட்டை இறக்கியிருந்தார்.