கூட்டாளிப் பட்டியலில் அம்மா

மாண்புமிகு அம்மாவுக்கு,

என் இடது செருப்பு அறுந்துவிட்டதை ஆழ்ந்த வருத்தத்துடன் அறிவிக்கிறேன். உன் முட்டிவலி குறைந்ததா?

நான் பயிற்சிக்கு வந்த இந்தப் புத்தாக்க மையமே என் தோளில்தான் நிற்கிறது. அரசு மானிய விண்ணப்பத்தைத் தட்டச்சு செய்ததே நான்தான். கூட்டாளி நிறுவனங்களின் பட்டியலில் விளையாட்டாக ‘அம்மா ஆய்வகம்’ என்று உன் போன் நம்பரோடு சேர்த்தேன். அழிக்க மறந்தேன், விண்ணப்பம் அப்படியே போய்விட்டது.

மையத்தை நடத்தும் மேடம் இன்று, “அடுத்த வாரம் எல்லா கூட்டாளிங்களுக்கும் அதிகாரிங்க போன் பண்ணுவாங்க. ஒண்ணு பொய்னாலும் மானியம் போச்சுப்பா, மையத்தையே மூடணும்” என்றார்.

உன்னிடம் போனில் சொன்னால் அழுதுவிடுவேன். என் பழைய செருப்பை அனுப்பு. அவர்கள் கூப்பிட்டால் உண்மையையே சொல்.

மேடத்திடம் சொல்லிவிட்டேன் என்று எழுதத்தான் பேனா எடுத்தேன். இல்லை அம்மா, அவர் அறை வாசலில் உட்கார்ந்திருக்கிறேன். இன்னும் கதவைத் தட்டவில்லை.

உன் வாலு