மூன்றாம் காம்பராவின் கதவு

இன்று காலை குளிருக்கு எடுத்துப் போட்ட கோட்டின் பைக்குள் கையை விட்டேன். ஒரு மரச்சீவல் அகப்பட்டது. சுருண்டு, காய்ந்து, ஆனால் வாசம் மட்டும் போகாமல். மூக்கருகே கொண்டுபோய்விட்டு உடனே பைக்குள்ளேயே போட்டுக்கொண்டேன். புதுச் சீவலின் வாசம் எனக்கு எப்போதும் பிடிக்கும். இது உன் கதவிலிருந்து எடுத்த சீவல் என்பதால் பிடிக்கவில்லை. அதைச் சொல்லத்தான் உனக்கு எழுத உட்கார்ந்தேன்.

எங்கே உட்கார்ந்து எழுதுகிறேன் என்று கேட்டால் சிரிப்பாய். அந்தக் காலத்துத் தோட்டத் தொரையின் பங்களாவில், சாப்பாட்டு மேசையில். சுற்றிலும் கயிறு கட்டி, 'தொடாதீர்கள்' என்று மூன்று மொழியில் பலகை வைத்து, பார்க்க வருகிறவர்களை நீ ஓரமாக நடத்திக்கொண்டு போவாயே, அதே மேசைதான். கயிற்றை அவிழ்த்தது நான். வெளியே மழை விடுவதாக இல்லை. வாசல் திண்ணை இஸ்தோப்பில் உன் தம்பி குந்தியிருக்கிறான். அவனுடைய மாடு, மியூசியம் காசு போட்டு வளர்த்த பூச்செடிகளை ஒன்றுவிடாமல் மேய்ந்துகொண்டிருக்கிறது. எப்படி இந்த நிலைமைக்கு வந்தோம் என்று முறையாகச் சொல்கிறேன். குறுக்கே பேச நீ இல்லை என்பதால் ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். அந்த வசதி எனக்கு வேண்டாம் என்றாலும்.

நாம் இரண்டு பேரும் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இந்த இடத்தை மியூசியம் என்று சொல்லவே கூச்சமாக இருந்தது, நினைவிருக்கிறதா? மூடிப்போன தேயிலைப் பெக்டரி ஒன்று, பங்களா ஒன்று, கொழுந்து பறிக்கப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுப்போன பிள்ளை மடுவம், மருந்துக் காம்பரா, சாமான் ஸ்டோர், தொழிலாளர் குடும்பங்கள் வரிசையறைகளில் இருந்த ஒரு பழைய லயம். எல்லாம் ஒரே மலைச்சரிவில் மேலும் கீழுமாகச் சிதறிக் கிடந்தன. வருகிறவர்களுக்குக் கதை சொல்வது உன் வேலை. கட்டடங்கள் விழாமல் பார்த்துக்கொள்வது என் வேலை. நான் லிந்துலையிலிருந்து பஸ்ஸில் வருவேன், நீ கீழ் லயத்திலிருந்து மூச்சு வாங்க ஏறி வருவாய். பெக்டரியின் தகரத்தை மாற்றி முடித்தால் மருந்துக் காம்பராவின் கூரைமரம் இற்றுப்போயிருக்கும். அதை மாற்றினால் பங்களாவில் கறையான் ஏறியிருக்கும். "மாமியாரும் நாத்தனாரும் மாதிரிடி இதுங்க. ஒண்ணுக்குச் சேல எடுத்தா இன்னொண்ணு மூஞ்சியத் தூக்கிக்கும்" என்பாய்.

காலையில் எல்லாக் கதவுகளையும் திறந்து வைப்பது என் பொறுப்பு. நீ யாரும் கேட்காமலே கூட வரத் தொடங்கினாய். முதலில் ஊர் வம்பு பேசத்தான் வந்தாய். பிறகு கதவுகளிலேயே உனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. எந்தக் கதவு எங்கே உரசுகிறது, எந்தக் கொண்டி எந்த ஓட்டைக்குள் போக மறுக்கிறது என்பதெல்லாம் உனக்கு அத்துப்படி. மழைக்காலத்தில் மரம் ஊறினால் எல்லாக் கதவும் இறுக்கும், தை மாத வெயில் வந்ததும் இளகிவிடும். அந்த ஒரு கதவு மட்டும் வெயிலுக்கும் இளகவில்லை. மேல் லயத்தின் மூன்றாம் காம்பரா. நீ பிறந்த அறை.

மியூசியத்துக்காக அந்த லயத்தைக் காலி செய்தபோது அங்கிருந்த குடும்பங்களைக் கீழ் லயத்துக்கு இறக்கினார்கள். மேலே உள்ளது காட்சிக்கு, கீழே உள்ளது குடியிருக்க. இரண்டுக்கும் நடுவில் ஒரு கல் சுவர், அவ்வளவுதான். வருகிறவர்கள் மேல் லயத்துக் காம்பராவில் அடுப்பையும் கொழுந்துக் கூடையையும் படம் எடுப்பார்கள். பிறகு எட்டிப் பார்த்து, கீழே துணி காய்வதைக் கண்டு, "அங்கேயும் மியூசியமா?" என்று கேட்பார்கள். நீ முகம் மாறாமல் பதில் சொல்வாய். "இல்லைங்க, அங்க நாங்க இருக்கோம்."

அந்தக் கதவின் சட்டம் ஒரு பக்கமாகச் சாய்கிறது என்று முதலில் சொன்னது நான்தான். அப்போது இருந்த அதிகாரி, எனக்கு எதைப் பார்த்தாலும் கோணலாகத் தெரிகிறது என்று எல்லாரும் இருக்கும்போது கேலி செய்தார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று பழமொழி வேறு. வெளியே வந்ததும் நீ என் தோளில் குத்தினாய். "நீ ஆடவே இல்லையேடி. கூடம்தான் ஆடுது" என்றாய். இரண்டு பேரும் பெக்டரிச் சுவரில் சாய்ந்து நின்று கண்ணில் நீர் வரச் சிரித்தோம். சிரித்து முடித்த பிறகு நீ கீழ் லயத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

அதற்குப் பிறகு உன் பிடிவாதம் ஆரம்பித்தது. அந்தக் காம்பராச் சுவரில் விழுந்திருந்த வெடிப்பை ஒவ்வொரு பொங்கலுக்கும் சுண்ணாம்பு அடித்து மறைத்தார்கள். நீ அதற்குச் சண்டை போடவில்லை. "சுவரு பொய் சொல்லும், சுண்ணாம்பு அடிச்சா. கதவு பொய் சொல்லாது. மல கீழ நகர்ந்தா அது இறுகிக் காட்டும்" என்று சொல்லிக் கதவை மட்டும் காத்தாய். தச்சு வேலை பார்க்கும் பாஸ் சீவுளியோடு வந்தால் தேநீர் கொடுத்துத் திருப்பி அனுப்பிவிடுவாய். கதவை ஏன் இப்படி வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டவர்களிடம், அந்தக் காலத்தில் இப்படித்தான் இருந்தது என்று கூசாமல் சொன்னாய். மழை பெய்த மறுநாள் போய் இழுத்துப் பார்ப்பதும், எந்த இடத்தில் பிடிக்கிறது என்று விரலால் தடவுவதும் நம் இருவருக்கும் பழக்கமாகிவிட்டது.

ஒரு நாள் மதியம் இந்தப் பங்களாவின் பின்படியில் உட்கார்ந்து சோறு தின்றோம். நீ காலால் தரையைத் தட்டிக்கொண்டே சொன்னாய். "இங்க பாரு, கீழ மொத்தமும் பாற. மண்ணு ஒரு சாண் கூட இல்ல. தொரைக்கு எங்க கட்டணும்னு தெரிஞ்சிருக்கு. நம்மள எங்க வைக்கணும்னும் தெரிஞ்சிருக்கு." பிறகு என் பொதியிலிருந்து கருவாட்டை எடுத்துக்கொண்டாய். நீ சொன்னதை நான் அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கருவாடு போனதுதான் எனக்கு வருத்தம்.

நுவரெலியா ஆஸ்பத்திரியில் உன்னைக் கடைசியாகப் பார்த்த பகல் எனக்கு மறக்காது. கை கால் எல்லாம் வீங்கிப்போய்க் கிடந்தாய். தம்பியின் குடும்பத்தைப் பற்றிக் கேட்பாய் என்று நினைத்தேன். நீ கதவைப் பற்றிக் கேட்டாய். இறுக்கிக்கொண்டுதான் வருகிறது என்றேன். "எவனும் சீவாம பாத்துக்க" என்றாய். சரி என்றேன். அதன் பிறகு நீ பேசியதெல்லாம் நர்ஸோடுதான், அதுவும் தேநீரில் சீனி போடவில்லை என்று.

போன மாதம் தீபாவளி லீவு முடிந்து வந்த காலையில் வழக்கம்போல உன் கதவைத் தள்ளினேன். ஒரு விரல் பட்டதும் அது முழுதாகத் திறந்துகொண்டது. சுவர் போய்விட்டது என்றே நினைத்தேன். பிறகுதான் தரையில் சுருள் சுருளாகச் சீவல் கிடப்பதைப் பார்த்தேன். ஒன்றை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு நேராக ஆபீசுக்குப் போனேன். புது மேனேஜர் கெட்ட மனுஷன் இல்லை. "மிஸ், ஒரு வெள்ளக்கார அம்மாவோட கை நசுங்கப் பாத்துச்சு. அதான் பாஸைக் கூப்பிட்டுச் சீவச் சொன்னேன். இதுல என்ன தப்பு?" என்றார். நான் கத்தினேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, ஒரு கதவுக்காக இத்தனை ஆத்திரமா என்று பார்த்தார். அவரைக் குறை சொல்லவும் வாய் வரவில்லை. உன்னோடு இத்தனை காலம் அதைத் தள்ளிப் பார்த்திருக்காவிட்டால் எனக்கும் அது வெறும் கதவாகத்தான் இருந்திருக்கும்.

அடுத்த வாரமே மழை பிடித்தது. கொத்மலைப் பக்கம் மலை சரிந்த இடங்களை பஸ்ஸிலிருந்து பார்த்துவிட்டு வந்தவர்கள் தலவாக்கலைக் கடைகளில் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டார்கள். உன் கதவு முதலில் கீழ் மூலையில் லேசாகப் பிடித்தது. பிறகு மேலேயும். முந்தாநாள் மதியம் தோளைக் கொடுத்துத் தள்ளினேன், அசையவில்லை. மற்றக் கதவுகள் ஊறியிருந்தாலும் திறந்தன. பாஸ் விரல் நுழையும் அளவுக்குச் சீவியிருந்தான். சீவி எடுத்த இடத்தையும் மலை எடுத்துக்கொண்டுவிட்டது. கீழே இறங்கிப் போனேன். மலை ஊற்றிலிருந்து எப்போதும் கண்ணாடி மாதிரி விழுகிற பீலித் தண்ணீர் சேறாக விழுந்துகொண்டிருந்தது. பெண்கள் அதைக் குடத்தில் பிடித்து, தெளியட்டும் என்று வரிசையாக வைத்திருந்தார்கள்.

உன் தம்பி மாட்டுக் கொட்டகையில் இருந்தான். எல்லாரும் இப்போதே கிளம்ப வேண்டும் என்றேன்.

"எங்கக்கா போறது? போன தடவ ஸ்கூல்ல கொண்டுபோய்ப் போட்டாங்க. திரும்பி வந்தா கதவ ஒடச்சி சட்டிபானை வரைக்கும் தூக்கிட்டுப் போயிருக்கானுங்க. வீடு தாறோம்னாங்க. எங்க தந்தாங்க?"

"உசுரு இருந்தாத்தானே தம்பி சட்டிபானை."

"எல்லாரும் இதத்தான் சொல்றாங்க. எடத்த மட்டும் ஒருத்தரும் சொல்ல மாட்டேங்கிறாங்க. நாங்க போயிட்டா இந்தக் காம்பராவும் எங்களது இல்லேன்னு ஆயிரும்க்கா."

அவன் சொன்னது நியாயம்தான். அப்போதுதான் நீ காலால் பாறையைத் தட்டியது ஞாபகம் வந்தது. மேனேஜரைக் கேட்க வேண்டும், அவர் கொழும்பு ஆபீசைக் கேட்க வேண்டும் என்பதெல்லாம் தெரிந்தும் என் வாய் முந்திக்கொண்டது. "எடம் நான் சொல்றேன். பங்களாவுக்கு வாங்க. சாவி எங்கிட்டதான் இருக்கு."

அவன் சிரித்தான். நான் அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மேல் லயத்துக்கு ஏறினேன். அவனும் அந்தக் காம்பராவில் பிறந்தவன்தானே. உன் கதவைத் தள்ளச் சொன்னேன். தள்ளினான். இரண்டு கையாலும் தள்ளினான். காலை ஊன்றித் தள்ளினான். பிறகு நெற்றியைக் கதவில் வைத்தான். "அக்கா சொல்லிக்கிட்டே இருந்துச்சு" என்றான். நனைந்த தலையோடு கீழே ஓடினான்.

நான் பங்களாவுக்கு வந்து முன்வாசலின் இரட்டைக் கதவை விரியத் திறந்து வைத்து நின்றேன். நேரம் போனது. யாரும் வரவில்லை. மனசு மாறிவிட்டான் என்று பயந்து படியிறங்கப் போனபோது பின்னால், சமையல் குசினிப் பக்கம் யாரோ இருமினார்கள். ஓடிப் போய்ப் பார்த்தேன். லயமே அங்கே நின்றது. பொலித்தீன் சுற்றிய டிவி, கேஸ் சிலிண்டர், புத்தகப் பை, கூடையில் கோழி. எல்லாரும் பின்கதவின் முன்னால் மழையில் வரிசையாக நின்றார்கள்.

"ஏன் இங்க நிக்கிறீங்க? முன்னால தெறந்து வச்சிருக்கேனே!"

உன் தம்பி சம்சாரம் எதுவும் விளங்காமல் என்னைப் பார்த்தாள். "பங்களாவுக்கு நாங்க எப்பவும் இந்தப் பக்கம்தானே வருவோம்" என்றாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. வருத்தத்தில் அல்ல, கோபத்தில் வந்தது. தொரை போய் எத்தனை காலம். அந்தக் கதவுக்கு நான்தான் வருஷா வருஷம் எண்ணெய் போடுகிறேன், நீதான் எத்தனையோ பேரை அதன் வழியாக உள்ளே கூட்டிப் போனாய். உன் வீட்டு ஆட்கள் ஒரு தடவைகூட அதில் நுழைந்ததில்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. பின்கதவைத் திறக்க மாட்டேன் என்றேன். மழையிலேயே அத்தனை பேரையும் சுற்றி நடத்தி முன்வாசலால் உள்ளே விட்டேன். சேற்றுக் கால் என்று வாசலில் தயங்கினார்கள். தரையைக் கழுவிக்கொள்ளலாம் என்று அதட்டினேன்.

கட்டிலில் ஒருவரும் ஏறவில்லை. அதன் பக்கத்தில் பாயை விரித்துக்கொண்டார்கள். பலகையை எடுத்துவிட்டேன் என்று சொன்னாலும் பிள்ளைகள் அது இருந்த இடத்தைப் பார்த்துவிட்டுத்தான் நடக்கிறார்கள்.

நேற்று மேனேஜர் வந்தார். மாட்டைப் பார்த்தார், மேசையைப் பார்த்தார். நான் செய்ததற்கு விளக்கம் கேட்டுக் கொழும்பிலிருந்து கடிதம் வரும் என்றார். வரட்டும். கீழ் லயம் இன்னும் நிற்கிறது என்பதுதான் அவருடைய வாதம். "திங்கட்கிழமை பெரிய குழு ஒண்ணு வருது மிஸ். அதுக்குள்ள இவங்க போயிரணும். கதவுதானே உங்களுக்குப் பயம்? திரும்பவும் சீவி லேசாத் தெறக்கிற மாதிரி பண்ணிக் குடுத்தா, நீங்களே இவங்களத் திருப்பி அனுப்பிருவீங்கல்ல?" குரலில் கேலி இல்லை. உண்மையாகவே எனக்கு ஒரு உதவி செய்வதாக நினைத்துத்தான் கேட்டார்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே பாஸ் வந்துவிட்டான். சாக்கில் சுற்றிய சீவுளியோடு இஸ்தோப்பில் நின்று, "அக்கா, மேல் லயத்துச் சாவியக் குடுங்க" என்றான். இல்லை என்றேன். அவன் என் இடுப்பில் தொங்கிய சாவிக்கொத்தைப் பார்த்தான். உன் தம்பியைப் பார்த்தான். பிறகு சாக்கை மூலையில் போட்டுவிட்டு, "அப்ப தேத்தண்ணி இருக்கா?" என்று கேட்டு உட்கார்ந்துகொண்டான்.

மழை கொஞ்சமும் குறையவில்லை. கீழே பீலி இன்னும் சேறாகத்தான் விழுகிறது. எழுதி முடித்ததும் மேலே போய் உன் கதவை இன்னொரு தடவை தள்ளிப் பார்ப்பேன். அது அசையாத வரையில் இவர்களில் ஒருவரையும் கீழே இறங்க விட மாட்டேன். திங்கட்கிழமை யார் வந்து கேட்டாலும் சாவி என் இடுப்பில்தான் இருக்கும்.